கெய்ரோவில் இறங்க நினைத்தவன்

"ஆகஸ்ட் மாசத்துல அஸ்வானா? அங்க இப்போ பல்லிகூட நிழல் தேடும்டா."

"கோயிலெல்லாம் பார்க்கணும்னு ரொம்ப நாள் ஆசை, அண்ணே."

"எந்தக் கோயில்?"

"எல்லாக் கோயிலும்தான்."

"ஒரு பேரு சொல்லு பார்ப்போம்."

"அதான்... பெரிய பெரிய தூணா இருக்குமே, அது."

"எல்லாத்துலயும் தூண்தான் இருக்கு, லுத்ஃபி."

லுத்ஃபி மேசைமேல் கிடந்த டிக்கெட்டை மெல்லத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். அதை அங்கே வைத்ததே முட்டாள்தனம். குவைத்தில் ஆறு எகிப்தியர்கள் ஒன்றாக வாடகைக்கு இருக்கும் வீடு அது. சமையலறை மேசையில் வைத்த காகிதத்தை ஆறு பேரும் படித்துவிட்டுத்தான் டீ போடுவார்கள். அன்றைக்கு முதலில் டீ போட வந்தவர் ஷாத்லி. எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் கிரேன் ஓட்டுபவர். அந்த வீட்டிலேயே, ஏன், லுத்ஃபிக்குத் தெரிந்த மனிதர்களிலேயே, அஸ்வானில் பிறந்த ஒரே ஆள்.

லுத்ஃபி அஸ்வானுக்குப் போகவில்லை. கெய்ரோவுக்குப் போகிறான். குவைத்திலிருந்து கெய்ரோவுக்கு ஒரு விலை. கெய்ரோவில் விமானம் மாறி அஸ்வானுக்குப் போனால் அதைவிடக் குறைந்த விலை. வெறும் ஃபூல், அதாவது மொச்சை மசியல், பத்து பவுண்டு, ஃபூலும் ரொட்டியும் சேர்த்து ஆறு பவுண்டு என்று ஒரு கடைக்காரன் எழுதிப் போட்டால் என்ன செய்வோம்? ரொட்டியோடு வாங்கி, ஃபூலைத் தின்றுவிட்டு, ரொட்டியை அங்கேயே வைத்துவிட்டுப் போவோம். லுத்ஃபி செய்ய இருந்ததும் அதைத்தான். கெய்ரோவில் இறங்கி நடையைக் கட்ட வேண்டியது. அஸ்வான் விமானம் அவனில்லாமல் பறந்துகொள்ளட்டும்.

இந்த வித்தையை அவன் மூன்று இரவு கண்விழித்துக் கைப்பேசியில் படித்துக் கற்றிருந்தான். விதிகள் மூன்றே மூன்று. திரும்பி வரும் டிக்கெட்டை இதோடு சேர்த்து எடுக்காதே, பாதியில் இறங்கினால் மீதி ரத்தாகிவிடும். பெட்டி எதையும் விமானத்தின் வயிற்றில் போடாதே, அது கடைசி ஊருக்குப் போய்விடும். யாரிடமும் சொல்லாதே. ஆயிரக்கணக்கான பேர் படித்த பக்கத்தில் இருந்த அந்த மூன்றாம் விதியைப் படித்தபோது, உலகத்திலேயே தனக்கு மட்டும்தான் இந்த ரகசியம் தெரியும் என்று அவனுக்குத் தோன்றியது. லுத்ஃபியின் மூளை அப்படிப்பட்டது.

உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்றால், முடியாது. கெய்ரோவுக்கு எதற்கு என்று அடுத்த கேள்வி வரும். வியாழக்கிழமை மாலை, மக்ரிப் தொழுகை முடிந்ததும், நெர்மீன் வீட்டில் அவனுக்கும் அவளுக்கும் ஃபாத்திஹா ஓதப் போகிறார்கள். அதை ஓதிவிட்டால் கல்யாணப் பேச்சு உறுதி. ஓதி முடிக்கும்வரை ஒரு ஈ காக்கைக்குத் தெரியக்கூடாது, கண் பட்டுவிடும் என்பது அவன் அம்மாவின் உத்தரவு. "அந்த வீட்டுல உன்னோட இருக்கிற அஞ்சு பேருக்கும் சேர்த்து பத்துக் கண்ணு இருக்குடா" என்று அம்மா கணக்கே சொல்லியிருந்தாள்.

இதற்கு முன் இரண்டு தேதி குறித்து, இரண்டு முறையும் லுத்ஃபிக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. நெர்மீனின் அப்பா முக்தார், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். வெள்ளிக்கிழமை காலை உம்ராவுக்காக மக்கா கிளம்புகிறார். "மூணாவது தடவையும் ஆள் வரலைன்னா வருகைப் பதிவேட்டுல பேரை அடிச்சுடுவேன்" என்று மகளிடம் சொல்லி அனுப்பியிருந்தார். அடித்த இடத்தில் எழுத அவரிடம் இன்னொரு பெயர் தயாராக இருந்தது. சொந்தமாக மருந்துக்கடை வைத்திருக்கும் அவருடைய அண்ணன் மகன்; அவர்கள் ஊரில் அது முறைதான்.

ஆகவே லுத்ஃபி கோயில் பார்க்கப் போகிறவனானான்.

ஷாத்லி டீயை உறிஞ்சிவிட்டு, "நல்லது, போயிட்டு வா" என்றார். அதோடு விட்டுவிட்டார் என்று லுத்ஃபி நிம்மதியாகத் தூங்கினான்.

மறுநாள் மாலை ஷாத்லி ஒரு பெட்டியோடு வந்தார். கயிறு போட்டு, கயிற்றின்மேல் பிசின் நாடா ஒட்டி, நாடாவின்மேல் மறுபடி கயிறு போட்ட அட்டைப்பெட்டி. மேலே ஒரு தொலைபேசி எண் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது.

"இதை மட்டும் எடுத்துட்டுப் போயிடு, லுத்ஃபி. ஏர்போர்ட்டுக்கே எங்க ஆளுங்க வந்து வாங்கிக்குவாங்க. நீ ஒண்ணும் அலைய வேண்டாம்."

"அண்ணே, எனக்குக் கைப்பை ஒண்ணுதான்..."

"அதனாலதான் உன்கிட்ட கொடுக்கிறேன். உன்கிட்டதான் இடம் இருக்கு. மெதுவா வை, உடையுற சாமான்."

ஊருக்குப் போகிறவன் கையில் கொடுத்த பொருளை மறுத்த எகிப்தியன் இதுவரை பிறக்கவில்லை. பிறந்திருந்தாலும் அவன் குவைத்தில் இப்படிப்பட்ட வீட்டில் இல்லை. லுத்ஃபி பெட்டியை வாங்கிக்கொண்டான். அன்றிரவு அவன் கட்டிலுக்கடியில் அஸ்வான் முழுவதும் கயிறு கட்டி உட்கார்ந்திருந்தது.

வியாழக்கிழமை விடிந்தும் விடியாததுமாக விமான நிலையம். கவுண்ட்டரில் இருந்தவர் அவனையும் பையையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"கையில ஒண்ணுதான் சார் கொண்டுபோகலாம்."

"ஒண்ணுதான் இருக்கு."

"ரெண்டு இருக்கே."

"இது பை, சார். அது பெட்டி."

"பை ஒண்ணு, பெட்டி ஒண்ணு. உங்க ஊர்ல அது எத்தனை?"

லுத்ஃபி யோசித்தான். பையில் கோட்டு சூட்டும் மோதிரமும் இருந்தன. அது கையைவிட்டுப் போகக்கூடாது. பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு கெய்ரோவில் இறங்கினால், அதை அஸ்வானுக்கு எப்படி அனுப்புவது? அப்போதுதான் அவனுக்குள் ஒரு விளக்கு எரிந்தது. விளக்கு எரியும்போதெல்லாம் அவன் வாழ்க்கையில் எங்கோ மின்சாரம் போயிருக்கிறது. ஆனால் அது எப்போதும் பிறகுதான் தெரியவரும்.

பெட்டி அஸ்வானுக்குப் போக வேண்டும். விமானத்தின் வயிற்றில் போட்டால் அஸ்வானுக்குப் போகும். அங்கே ஷாத்லியின் ஆட்கள் நிற்பார்கள். எடுத்துக்கொள்வார்கள். நான் எதற்கு நடுவில்?

"பெட்டியைப் போட்டுடுங்க, சார்."

"அஸ்வான் வரைக்கும் சீட்டு ஒட்டிடவா?"

"தாராளமா ஒட்டுங்க!" என்றான் லுத்ஃபி. அந்த ஆள் அஸ்வானையே இலவசமாகக் கொடுப்பதுபோல் அவன் முகம் மலர்ந்தது.

கெய்ரோவில் இறங்கியபோது மணி ஒன்பதரை. கடவுச்சீட்டில் முத்திரை குத்தியாயிற்று. கைப்பேசியில் எகிப்து சிம்மையும் மாற்றியாயிற்று. இனி வாசல்தான். ஆனால் வாசலுக்குப் போகும் வழியில் விமானக் கம்பெனிப் பெண் ஒருத்தி கையில் பட்டியலோடு நின்றுகொண்டு, கிஸா போகும் மைக்ரோபஸ்காரன் மாதிரி, "அஸ்வான்! அஸ்வான்! அஸ்வான் போறவங்க இந்தப் பக்கம்!" என்று கூவிக்கொண்டிருந்தாள்.

விமானம் கிளம்பும்வரை எங்காவது ஒதுங்கியிருந்தால் அவளும் போய்விடுவாள் என்று கணக்குப் போட்டு லுத்ஃபி கழிப்பறைக்குள் புகுந்து தாழ்ப்பாள் போட்டான். அரைமணி நேரம் ஆயிற்று. ஒரு மணி நேரம் ஆயிற்று. நெர்மீன் அழைத்தாள்.

"இறங்கிட்டியா?"

"இறங்கிட்டேன், கண்ணே."

"எங்க இருக்க?"

"ஏர்போர்ட்லதான்."

"இன்னுமா? உன் விமானம் ஒன்பதரைக்கே வந்துடுச்சுன்னு போன்ல காட்டுது. அப்பா காலையிலேயே முடிவெட்டிக்கிட்டு வந்து நாற்காலி போட்டுக்கிட்டிருக்கார். உங்கம்மாவும் வந்தாச்சு."

"பாஸ்போர்ட் வரிசை நீளம்."

அடுத்த அறையில் யாரோ தண்ணீர் ஊற்றினார்கள்.

"அது என்ன சத்தம்?"

"வரிசைதான்."

அந்த நேரம் பார்த்து ஒலிபெருக்கி அவன் தலைக்குமேல் கரகரத்தது. பயணி லுத்ஃபி அப்துல் பாரி ஸைதான், அஸ்வான் விமானம், கடைசி அழைப்பு.

"உன் பேரைக் கூப்பிடுறாங்க, லுத்ஃபி."

"ஊர்ல எத்தனை லுத்ஃபி இல்ல?"

"லுத்ஃபி அப்துல் பாரி ஸைதான்னு உன்னையும் உங்கப்பாவையும் தாத்தாவையும் சேர்த்துக் கூப்பிடுறாங்க. அஸ்வான்னு வேற சொல்றாங்க. அஸ்வான்ல யாரு?"

"யாருமில்லை! சத்தியமா எனக்கு அஸ்வான்ல யாருமே இல்லை!"

"அப்போ இன்னொரு தடவை ஏன் கூப்பிடுறாங்க?"

லுத்ஃபி கைப்பேசியை அணைத்தான். அதற்குள் கதவைத் தட்டினார்கள். சும்மா இல்லை, உள்ளங்கையால்.

விமான நிலையப் போலீஸ் கேப்டன் தல்அத்தின் அறையில் ஒரு மேசை, ஒரு மின்விசிறி, ஒரு கிளாஸ் டீ. பட்டியல் வைத்திருந்த பெண்ணும் அங்கே நின்றிருந்தாள். கிட்டத்தில் பார்க்கையில் அவள் இன்னும் கோபமாக இருந்தாள்.

"வாங்க, பாஷா. உட்காருங்க" என்றார் கேப்டன். "நூத்தி நாற்பது பேர் விமானத்துல உட்கார்ந்து வேர்த்துக்கிட்டிருக்காங்க. உங்க பெட்டி ஏறிடுச்சு, நீங்க ஏறலை. ஆள் ஏறாம பெட்டி மட்டும் பறக்க நாங்க விடமாட்டோம். இது புரியுதா?"

லுத்ஃபிக்குப் புரிந்தது. மூன்று இரவு படித்த பக்கத்தில் இதுவும் இருந்திருக்கும். அவன் அந்த இடத்தில் தூங்கியிருப்பான்.

"பெட்டி உங்களோடதா?"

"ஆமா. அதாவது, இல்லை."

கேப்டன் டீயைக் கீழே வைத்தார். "யாரோடது?"

"ஒரு அண்ணன் கொடுத்தார்."

"கூடப்பிறந்தவரா?"

"இல்லை, கூடக் குடியிருக்கிறவர்."

"உள்ள என்ன இருக்கு?"

லுத்ஃபி தன் வாழ்நாளிலேயே முதன்முறையாக ஒரு அதிகாரியிடம் முழு உண்மையைச் சொன்னான்.

"தெரியாது."

மின்விசிறிகூட ஒரு கணம் நின்று சுற்றியதாக அவனுக்குப் பட்டது. கேப்டன் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். "யாரோ கொடுத்த பெட்டி. உள்ள என்னன்னு தெரியாது. அதை விமானத்துல ஏத்திட்டு நீங்க கழிப்பறையில ஒளிஞ்சுக்கிறீங்க. உங்களை நான் என்னன்னு நினைக்கணும், நீங்களே சொல்லுங்க."

"முட்டாள்னு நினைங்க, சார்!" என்றான் லுத்ஃபி மனப்பூர்வமாக.

"அதுக்கு என்ன அத்தாட்சி?"

அந்தப் பெண் பட்டியலைத் தட்டினாள். "கேப்டன், எனக்கு ஒண்ணு தோணுது. இவர் பெட்டிக்காக ஒளியலை. கெய்ரோவிலேயே இறங்கிக்கப் பார்க்கிறார். அஸ்வானுக்குக் குறைஞ்ச விலையில டிக்கெட் எடுத்துட்டு நடுவுல நழுவுறவங்க இருக்காங்க. கைப்பையை மட்டும் எடுத்துட்டு வருவாங்க. பிடிபட்டா மறுபடி எங்க விமானத்துல ஏறவே முடியாது, தெரியுமா சார்?"

அந்த இடத்தில் 'ஆமாம்' என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். பெட்டியை இறக்கியிருப்பார்கள், திட்டியிருப்பார்கள், எதிலாவது கையெழுத்து வாங்கிக்கொண்டு தெருவில் விட்டிருப்பார்கள். பன்னிரண்டு மணிக்கெல்லாம் அவன் நெர்மீன் வீட்டில் இருந்திருப்பான். ஆனால் திருட்டுத்தனத்தை ஒருத்தர் இவ்வளவு சரியாகச் சொல்லிவிட்டால், எந்தத் திருடனுக்கும் முதலில் கோபம்தான் வரும்.

"நானா?" என்று எழுந்தே விட்டான் லுத்ஃபி. "நான் அஸ்வான் போறவன், மேடம்! சின்ன வயசுலேர்ந்து அஸ்வானுக்காக ஏங்கினவன்! கோயில்! தூண்! வயிறு சரியில்லாம உள்ள உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான். எங்க விமானம்? நான் ஏறணும்!"

கேப்டன் கிளாஸில் மீதி இருந்த டீயைக் குடித்து முடித்தார். பிறகு முகம் இளகிற்று. "பாவம், வயித்துப்போக்கு. முதல்லயே சொல்லக்கூடாதா? ஆள் கூடவே போறார்னா பெட்டியும் போகட்டும். நானே கூட்டிட்டுப் போறேன், வாங்க."

கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார். விமானப் படிவரை விடவில்லை. படியேறியபின்பும் கீழே நின்று கையசைத்தார். அந்த அன்புக்கு முன் லுத்ஃபியால் ஓட முடியவில்லை.

உள்ளே நூற்று நாற்பது தலைகள் திரும்பின.

"வந்துட்டாருய்யா ராஜா!" என்றது ஒரு குரல்.

"ஏம்ப்பா, சவரம் பண்ணிட்டு வந்தியா?" என்றாள் குழந்தையை மடியில் வைத்திருந்த ஒரு பெண்.

"விடும்மா, வயித்துப்போக்காம்" என்று விமானப் பணிப்பெண் எல்லோருக்கும் கேட்கும்படி மெதுவாகச் சொன்னாள். பக்கத்து இருக்கைக்காரர் எழுந்து வேறு இடம் பார்த்துக்கொண்டார்.

விமானம் நைல் நதியை ஒட்டித் தெற்கே பறந்தது. சட்டக் கல்லூரியைப் பாதியில் விட்டவன், கார் ஓட்டக் கற்பதைப் பாதியில் விட்டவன், மீசை வளர்ப்பதைக்கூடப் பாதியில் விட்டவன் லுத்ஃபி. வாழ்க்கையில் முதன்முதலாக ஒரு காரியத்தைக் கடைசிவரை செய்துகொண்டிருந்தான். பார்த்துப் பார்த்து அதற்கு இந்தக் காரியம்தானா கிடைத்தது என்று ஜன்னல் கண்ணாடியில் தெரிந்த தன் முகத்தைக் கேட்டான். முகத்துக்கும் தெரியவில்லை.

அஸ்வானில் கதவு திறந்ததும் ரொட்டி அடுப்பைத் திறந்த மாதிரி காற்று அடித்தது. முதல் வேலையாக டிக்கெட் கவுண்ட்டருக்கு ஓடினான். இன்றைக்குக் கெய்ரோ விமானம் எல்லாம் நிறைந்துவிட்டது, நாளைக் காலைதான் என்றார்கள். ரயில்? இப்போது ஏறினாலும் விடியும்போதுதான் போய்ச் சேருமாம். கைப்பேசியைத் திறந்தான். நெர்மீனிடமிருந்து பதினொரு அழைப்புகள், ஒரே ஒரு செய்தி. 'அப்பா பதிவேட்டை நிஜமாவே எடுத்து வெச்சுட்டார்.'

இனி என்ன சொன்னாலும் எடுபடாது. சரி, பெட்டியையாவது ஒழுங்காகச் சேர்ப்போம் என்று சாமான் வரும் இடத்துக்குப் போனான். இந்தப் பாழாய்ப்போன பெட்டிக்காகத்தானே இவ்வளவும். இன்றைக்கு ஒரு மனிதராவது தன்னைப் பார்த்துச் சந்தோஷப்படட்டும். பெட்டி தனியாக, 'கிலுங் கிலுங்' என்று சிணுங்கிக்கொண்டே வந்தது. அவன் அதைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு வெளியே வந்தான்.

யாரும் இல்லை. வந்தவர்கள் எல்லோரும் போயாயிற்று. ஒரு காபிக் கடை, அதன் நிழலில் இரண்டு டாக்ஸிக்காரர்கள், ஒரு பூனை. ஷாத்லியை அழைத்தான். அணைத்து வைத்திருந்தது. ஆலைக்குள் போகிறவர்கள் வாசலிலேயே கைப்பேசியை ஒப்படைத்துவிட வேண்டும். பெட்டிமேல் இருந்த எண்ணை அழுத்தினான்.

ஒரு பெண் எடுத்தாள். பின்னால் ஒரே இரைச்சல்.

"ஷாத்லி அண்ணன் பெட்டி கொடுத்து விட்டார். நான் லுத்ஃபி."

"அல்லாவே! எங்க போயிட்டீங்க? நான் அவரோட சித்தப்பா மக, சுக்கரா. ஒன்பது மணியிலேர்ந்து இங்க நின்னு காலே போச்சு! குவைத் நம்பருக்கு அடிச்சு அடிச்சு விரலும் போச்சு!"

"மன்னிச்சுக்குங்க. இப்போதான் வந்தேன். ஏர்போர்ட் வாசல்லதான் நிக்கிறேன்."

"நானும் வாசல்லதான் நிக்கிறேன். மஞ்சள் முக்காடு."

லுத்ஃபி சுற்றிலும் பார்த்தான். மஞ்சளாக இருந்தது பூனை மட்டும்தான்.

"தெரியலையே. காபிக் கடைகிட்ட வாங்களேன்."

"காபிக் கடைகிட்டதான் நிக்கிறேன்."

"நானும்தான்!"

"கையைத் தூக்குங்க."

லுத்ஃபி கையைத் தூக்கினான். டாக்ஸிக்காரர்களில் ஒருவர், தன்னைக் கூப்பிடுகிறான் என்று நினைத்து எழுந்து வந்தார்.

"தூக்கிட்டீங்களா? இங்க ஆயிரம் பேர் இருக்காங்க, ஒருத்தரும் தூக்கலையே."

"ஆயிரம் பேரா?" லுத்ஃபியின் தோளில் பெட்டி மெல்லச் சரிந்தது. "அம்மா, அஸ்வான் ஏர்போர்ட்டுல இப்போ நான், ரெண்டு டாக்ஸிக்காரர், ஒரு பூனை. அவ்வளவுதான் இருக்கோம்."

மறுமுனையில் அவள் யாரையோ 'கொஞ்சம் சும்மா இருங்க' என்று அதட்டினாள்.

"அஸ்வானா?" என்றாள் சுக்கரா. "அங்க எதுக்குப் போனீங்க?"

"டிக்கெட் அஸ்வானுக்குத்தானே..."

"அஸ்வானுக்கு டிக்கெட் எடுத்தவன் எவன்ங்க அஸ்வானுக்குப் போயிருக்கான்? எங்க குடும்பத்துல எல்லாருமே அப்படித்தான் வந்து கெய்ரோவுல இறங்குவோம். நீங்க பால்கனியில நின்னு போன்ல பொண்ணுகிட்ட பேசுறது அந்த வீட்டுல எல்லாருக்கும் தெரியுமாம். பாவம் கூச்சப்படுறான், கேட்டுடாதீங்கன்னு ஷாத்லி அண்ணன்தான் அடக்கி வெச்சிருந்தாராம். அந்தப் பெட்டியில இருக்கிறது உங்க ஃபாத்திஹாவுக்கு சர்பத் ஊத்துற கண்ணாடி கிளாஸுங்க, அஞ்சு பேரும் சேர்ந்து வாங்கினது. வண்டிக்குப் பூ கட்டி, நாலு மேளக்காரங்களைக் கூட்டிட்டு வந்து கெய்ரோ ஏர்போர்ட்ல நிக்கிறேன். மூணு தடவை சாப்பிட்டுட்டாங்க, இனி சும்மா திரும்பிப் போகமாட்டாங்களாம். மாப்பிள்ளை, அந்தப் பொண்ணு வீட்டு விலாசத்தையாவது சொல்லுங்களேன்."